இடது பக்க விசில்

கழட்டிடலாமாம்மா? அப்பாடா. ரெண்டு காதையும் நண்டு கவ்வின மாதிரி இருந்துச்சு. எனக்கு இந்த ஹெட்போனே ஆகாது. ஆம்ப்ளிபயர் ரிப்பேர் பண்றவன் ஹெட்போன்ல பாட்டு கேட்டா, ஓட்டல் நடத்துறவன் அடுத்த ஓட்டல்ல பார்சல் வாங்கித் தின்ன மாதிரி. எப்படி, உங்க காது டெஸ்ட்ல சத்தம் வந்தப்பல்லாம் கரெக்டா பட்டன அமுக்கினேன்ல? கும்முன்னு வந்தது, கொஞ்சூண்டா வந்தது, ஒண்ணு விடல. அடியே, கேட்டுக்கோ. உங்களச் சொல்லலம்மா, அந்த மூலையில பைய மடியில வச்சுகிட்டு உக்காந்திருக்காளே, என் வீட்டுக்காரி, அவளுக்குத்தான்.

என்ன சொன்னீங்க? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க. வாயப் பாத்தாத்தான் எனக்குப் பேச்சே ஓடும். ஓ, கீச்சுச் சத்தமெல்லாம் இனிமேதானா? அது அந்த ஸ்பீக்கர் பெட்டியில வருமா? நல்லது, அதான் முறை. மெஷினத் தயார் பண்ண நேரமாகுமா? ஆகட்டும். வால்வும் அப்படித்தான், சூடேறாம வாயத் திறக்காது. காத்திருந்து பழகினவன் நான்.

வால்வு தெரியுமா உங்களுக்கு? சின்னப் பொண்ணு நீங்க, பாத்திருக்க மாட்டீங்க. கண்ணாடிக் குப்பி, உள்ள கம்பி செவசெவன்னு எரியும். அந்தக் காலத்து ஆம்ப்ளிபயர் எல்லாம் அதுலதான் ஓடுச்சு. எங்கயாவது கோடவுன்ல துருப்பிடிச்சுக் கிடக்கும், நான் போய்த் தூக்கிட்டு வருவேன். செத்துப்போன கண்டென்சரப் பிடுங்கிட்டுப் புதுசு வச்சு, துருவெல்லாம் சுரண்டி, ஈயம் பத்தவச்சு, பாட விட்டா... என்னத்தச் சொல்ல. பாடுறவங்க மூச்சு இழுக்குறது வரைக்கும் கேக்கும். இதுக்குன்னே பைத்தியம் பிடிச்சு அலையுறவங்க இருக்காங்கம்மா. அதுல மொதப் பைத்தியம் நான்.

வேலை முடிஞ்சதும் கேட்டுப் பாக்கணும்ல? அதுக்கு எங்க பட்டறையில ஒரே ஒரு நாற்காலி. ரெண்டு ஸ்பீக்கருக்கும் சரியா நடுவுல. அங்க உக்காந்து கேட்டாத்தான் கேட்ட மாதிரி, கொஞ்சம் தள்ளி உக்காந்தா அது வேற சத்தம். அது என் நாற்காலி. நான் உக்காந்து, கேட்டு, சரின்னு சொன்னாத்தான் சரக்கு வெளிய போகும். இப்ப அதுல யார் உக்காந்திருக்கா? கேளுங்க. அந்த மூலையக் கேளுங்க.

சிரிக்கிறீங்க. உங்களுக்குச் சிரிப்பா இருக்கு, எனக்கு வயிறு எரியுதும்மா. இவ அடுத்த ரூம்ல தையல் மெஷின் ஓட்டுறவ. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து துணி, நூலு, அவ்வளவுதான். வால்வுக்கும் பல்புக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் நூலக் கடிச்சுகிட்டே எட்டிப் பாத்து, ஏங்க, ஓரம் அடிக்காத துணி மாதிரி இது பிசிறா இருக்கேங்கிறா. வந்திருந்த ஆளு அப்படியே சொக்கிப் போயிட்டாரு. பிசிறு, பிசிறு, கரெக்டா சொன்னீங்கக்கான்னு ஒரே குதி. அன்னிக்குப் பிடிச்சது சனி.

அந்த ஆளுதான் பல்லு டாக்டர். நல்ல வசதி, தலை நெறைய முடி. எனக்கு ரெண்டும் இல்ல. வாசல்ல செருப்பக் கழட்டும்போதே, அக்கா இல்லையா? அண்ணே எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை? கிடையாது. அவர் போய் நாலு பேர்கிட்ட சொல்லி, இப்ப போன் பண்றவனெல்லாம் கேக்குறது ஒண்ணுதான், அக்கா கேட்டாச்சா? முதுகு ஒடியக் குனிஞ்சு ஒவ்வொரு கம்பிக் காலா ஈயம் பத்தவைக்கிறவன் நான். இவ வந்து என் நாற்காலியில உக்காந்து, கண்ண மூடி, ம், கொஞ்சம் சுருக்கம் விழுதேங்கிறா. ஒடனே அவரு தலையாட்டுறாரு. அடுத்தவன் பல்லப் பிடுங்குறவருக்கு என் வீட்டுக்காரி காதுல என்ன வேலைங்கிறேன்? பொறாமைதான். இல்லன்னா சொல்றேன்? நல்லா முழுப் பொறாமை.

போன மாசம் அவரோட ஆம்ப்ளிபயரு. அழகுன்னா அப்படி ஒரு அழகு, குட்டி மேடை மாதிரி, மேல வரிசையா வால்வு. கைக்குழந்தையக் குளிப்பாட்டுற மாதிரி பாத்துப் பாத்து முடிச்சேன். மீட்டர்ல எல்லாம் சொன்ன இடத்துல நிக்குது. நாற்காலியில உக்காந்து கேட்டேன், அமிர்தம். இவ உள்ளேர்ந்து வந்து, இடது பக்கம் விசிலடிக்குதுங்கிறா. எங்கடி விசிலு? சன்னமா, ஊசி மாதிரி, நிக்காம அடிக்குதேங்கிறா. நான் எந்திரிச்சுப் போய் ஸ்பீக்கர்ல காத ஒட்டவச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. அப்புறம் நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள, இடது பக்க வால்வ அவளாவே பிடுங்கிட்டு வேற ஒண்ண மாட்டிட்டா! என் பட்டறையில! பல்லு டாக்டர் வந்து கேட்டுட்டு, அக்கா கை பட்டதும் என்ன சுத்தம்ங்கிறாரு.

நான் சும்மா இருப்பேனா? ரெண்டு பேர் கண்ணு முன்னாலயே பழைய வால்வத் திரும்ப மாட்டினேன். பாட்டப் போடல, வெறுமனே ஓட விட்டேன். இப்பக் காட்டுங்க, எங்க விசிலுன்னேன். அவரு மூஞ்சியச் சுளிச்சாரு. இவளும் சுளிச்சா. அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துகிட்டாங்க. அந்தப் பார்வைதாம்மா. ரூமே அமைதியா இருக்கு, இவங்க ரெண்டு பேருக்கு மட்டும் என்னமோ கேக்குது. நடுவுல நான், முட்டாள் மாதிரி உக்காந்திருக்கேன்.

வாய் சும்மா இருந்துச்சா? வால்வ நாங்க ஜோடி பாத்துத்தான் போடுவோம், ஒரே குணத்துல ரெண்டு தேடிப் பிடிச்சு. அந்த நெனப்புல, இல்லாத சத்தத்தக் கேக்குறதுக்கு நீங்க ரெண்டு பேரும் நல்ல ஜோடின்னுட்டேன். பல்லு டாக்டர் ஆம்ப்ளிபயரத் தூக்கிகிட்டுக் கிளம்பிட்டாரு. இவ உள்ள போயி தையல் மெஷினுக்கு உறையப் போட்டு மூடினா. அதுக்கப்புறம் எங்கிட்டப் பேச்சு கிடையாது. சோறு வைப்பா, தண்ணி வைப்பா, பேச மட்டும் மாட்டா. இன்னிக்குக் காலையிலதான் வாயத் தொறந்தா. கிளம்புங்க, காது பாத்துட்டு வந்துடலாம், உங்க காது நல்லாருக்குன்னு சொல்லிட்டா இனிமே அந்த நாற்காலிப் பக்கமே வர மாட்டேன், இல்லன்னா நாற்காலி எனக்குன்னா. சட்டைய மாட்டிகிட்டு அவளுக்கு முன்னால தெருவுல நின்னேன் நான். அதனால பெரிய எழுத்தா எழுதிக் குடுங்கம்மா. கண்ணாடி போட்டு பட்டறையில மாட்டப் போறேன்.

இவளுக்கு எப்பவும் இதே பழக்கம்தான், இல்லாதத இருக்குங்கிறது. வாஷிங் மெஷின் துவைச்சு முடிஞ்சதும் கீ கீன்னு கத்தும்ல? எங்க வீட்டுல அது செத்துப் போச்சு. நானும் பின்பக்கத்தக் கழட்டி ஒவ்வொரு ஒயரா பாத்து மாட்டினேன். இவ வந்து, நல்லாத்தானே கத்துது, எதுக்குக் கழட்டுறீங்கங்கிறா. ஜன்னல் குருவியும் அதே கதைதான். முன்னல்லாம் விடிஞ்சா ஒரே கூச்சல், தூங்க முடியாது. இப்பக் குருவிக்கு எங்க தெரு பிடிக்கல போல, ஒரு சத்தத்தையும் காணோம். இவ மட்டும் தினம் கிண்ணத்துல தண்ணி வச்சுட்டு, ஜன்னல்கிட்டயே கொஞ்ச நேரம் நிப்பா.

ரெடியா? போடுங்க, போடுங்க. பட்டன் கையிலதான் இருக்கு. இப்படி நடுவுல உக்காந்துக்கிறேன், பழக்க தோஷம்.

ம்.

போடுங்கம்மா.

என்ன, திருகுறீங்க? பெருசு பண்றீங்களா? பண்ணுங்க, பண்ணுங்க. எனக்கென்னமோ அந்தப் பெட்டியில ஒயர் விட்டுப் போயிருக்கும்னு தோணுது. நான் வேணாப் பின்னால பாக்கட்டுமா? சின்ன வேலைதான். என்னது? ஓடிகிட்டிருக்கா? எப்பலேர்ந்து?

அடியே, நீ எதுக்கு ரெண்டு காதையும் பொத்திகிட்டிருக்க?

நிறுத்திடுங்கம்மா. பாவம், அவளுக்கு வலிக்குது பாருங்க. போதும். என்ன இருக்கோ அத எழுதுங்க. பெரிய எழுத்தெல்லாம் வேணாம்.

எந்திரி, போலாம். பைய எங்கிட்டக் குடு. பல்லு டாக்டருக்கு நீயே போன் போடு, அக்கா கூப்பிட்டாத்தான் அவரு வருவாரு. ஆம்ப்ளிபயரக் கொண்டாரச் சொல்லு, இடது பக்க வால்வ மாத்திக் குடுத்துடறேன். நாற்காலிய நீ எடுத்துக்கோ, நான் ஒண்ணும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. அந்தக் குருவிங்க தினமும் வந்துகிட்டுத்தான் இருந்துச்சா? இத்தன நாளும் நீ மட்டும் ஒத்தையா நின்னு கேட்டுகிட்டிருந்தியா?