பச்சை டிக் வந்தது

டீ நன்றாக இருக்கிறது, நன்றி. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். என் தங்கையாக இருந்தால் அரைக் கரண்டியோடு நிறுத்தியிருப்பாள். அதுவும் முன்பு. இப்போதெல்லாம் போட்டோமா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம் வந்து, போடாமலேயே கொடுத்துவிடுகிறாள். நானும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுகிறேன்.

நீங்கள் அவசரப்படுத்தாமல் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆபீஸில் எனக்கே 'நிதானம்' என்றுதான் பட்டப்பெயர். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் வேலை என்ன என்பது முதலில் புரிய வேண்டும். எந்தக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டாலும் அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கும். மற்ற மென்பொருளெல்லாம் அதன் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கும். அதற்குள் கோப்புகளைப் பார்த்துக்கொள்ள ஒரு டிரைவர் இருக்கிறது. யாராவது 'இதை எழுதி வை' என்று கொடுத்தால், அதை டிஸ்கிடம் கொடுத்துவிட்டு, டிஸ்க் நிஜமாகவே எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, பிறகு திரும்பி வந்து 'எழுதியாயிற்று' என்று சொல்வது அதன் வேலை. நிற்பதுதான் முக்கியம். டிஸ்க் எதையும் வாங்கிய கையோடு எழுதிவிடாது, கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால், கையில் இருந்தது போனதுதான். பல தேசங்களில் பல கம்பெனிகள் பயன்படுத்தும் அப்படி ஒரு டிரைவருக்கு நான் பொறுப்பாளர். அதில் ஒரு புள்ளி மாற வேண்டும் என்றாலும் என் சம்மதம் வேண்டும்.

நின்று நின்று வேலை செய்வதால் சோதனைகள் ஆமை வேகத்தில் ஓடும். எனக்குப் பொறுக்கவில்லை. 'நில்' என்று சொல்கிற அந்த ஒரு வரியை என் மேசைக் கம்ப்யூட்டரில் மட்டும் எடுத்துவிட்டுச் சோதனைகளை ஓட்டினேன். இது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். வேலை முடிந்ததும் வரியைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். நான் மறந்துவிட்டேன். வரி இல்லாமலேயே புதிய பதிப்பு வெளியே போயிற்று. சரிபார்க்க வேண்டியவர்கள், நிதானம் அனுப்பியதுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள். இதுவரைக்கும் வெறும் கவனக்குறைவு. இதற்காக நீங்கள் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்க மாட்டீர்கள்.

என் தங்கை நர்ஸ். வீட்டில் அவளுக்கு 'அலாரம்' என்று பெயர். யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, அத்தை மகனுக்கு என்றைக்குப் பரீட்சை, என் மூக்குக் கண்ணாடி எந்த அறையில் கிடக்கிறது, எல்லாம் அவள் விரல் நுனியில் இருக்கும். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு மெஷின் உண்டு. மருந்து கொடுத்ததும் அதில் அமுக்க வேண்டும். அமுக்கியதைப் பதிவுசெய்துவிட்டால் ஒரு பச்சை டிக் வரும். முன்பெல்லாம் ஷிப்ட் மாறும்போது ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவாராம். மெஷின் வந்த பிறகு, திரைதான் சொல்கிறதே என்று அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம், ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு தையல்காரருக்கு வலி ஊசி போட்டாள். அமுக்கினாள். டிக் வந்தது. உடனே கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்குள் மெஷின் அணைந்து, மறுபடி எழுந்தது. அவள் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்து வந்த பெண் திரையில் ஊசி பாக்கி என்று இருப்பதைப் பார்த்து இன்னொன்று போட்டாள். அந்த மருந்து இரட்டிப்பானால் மூச்சு மெதுவாகும், பிறகு நின்றுவிடும். அவருக்கு நின்றுவிட்டது.

கொடுத்தவள் பதியாமல் போய்விட்டாள் என்று பழி என் தங்கைமேல் விழுந்தது. அழுதுகொண்டே என்னிடம்தான் ஓடி வந்தாள். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று அவளுக்கு இருப்பது நான் ஒருவன்தான்.

"நான் அமுக்கினேன்ணா. பச்சை டிக் வந்துச்சு, என் கண்ணால பாத்தேன். மெஷின் மறக்குமா?"

"மெஷின் மறக்காதும்மா. மனுஷங்கதான் மறப்போம்" என்றேன். அன்றைக்கு அதை உண்மை என்று நம்பித்தான் சொன்னேன். தயவுசெய்து இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த டிக் என்னை விடவில்லை. அந்த மெஷினுக்குள்ளும் ஓடுவது என் டிரைவர்தான்; அது 'எழுதியாயிற்று' என்று சொன்னால்தான் டிக் வரும். மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போய் டிரைவரைத் திறந்தேன். வரி இருக்க வேண்டிய இடத்தில் வரி இல்லை. பக்கத்து மேசைக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறாயா என்று கேட்டபோது என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

வரியைத் திரும்பப் போடுவது பெரிய வேலை இல்லை. ஆனால் போடுகிறவர் காரணம் எழுத வேண்டும். இது ஆபத்தான பிழை, பழைய பதிப்புகளை வைத்திருப்பவர்களும் உடனே எடுத்துக்கொள்ளுங்கள் என்று குறிப்பும் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரி மெஷின்கள் எல்லாமே, வரி இல்லாமல் வெளியே போய் இதற்குள் பழசாகிவிட்ட பதிப்புகளில் ஓடுபவை. குறிப்பு போட்டால்தான் திருத்தம் அவற்றுக்குப் போகும். போட்டால், பிழை எப்படி வந்தது என்று யாராவது ஒருவர் கேட்பார்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம். வரிகளுக்கு நடுவே இடைவெளிகளை ஒழுங்குபடுத்துகிற பெரிய திருத்தம் ஒன்று வந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். நான் ஆயிரக்கணக்கான வரிகளில் இடைவெளியைச் சீராக்கினேன். அதற்கு நடுவில் அந்த ஒரு வரியை வைத்தேன். 'இடைவெளிச் சீரமைப்பு' என்று தலைப்புக் கொடுத்து அனுப்பினேன். சம்மதங்கள் வந்தன. புதிய பதிப்புகள் சரியாகிவிட்டன. பழையவை அப்படியே இருந்தன.

அதை அனுப்பிய அன்று சாயங்காலம் தங்கை மறுபடி என் வீட்டுக்கு வந்து, மெஷின் மறக்குமா என்று அதே கேள்வியைக் கேட்டாள். நானும் அதே பதிலைச் சொன்னேன். ஆனால் அவள் அடித்துப் பேசினாள். விசாரணையில் இப்படிப் பேசினால் மெஷினைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பக்கத்தில் உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டேன்.

"அன்னைக்குப் பூரா நின்னுட்டே இருந்தேன், கால் விட்டுப்போச்சுன்னு சொன்னல்ல? முந்தின நாள் அமுக்கினத அன்னைக்கு அமுக்கினதா நெனச்சிருக்கலாம்ல?"

அமுக்கிய விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்படித்தான் இருக்குமோண்ணா" என்றாள்.

அவளைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அது நடிப்பு இல்லை.

விசாரணையில் மறந்திருப்பேன் என்று சொல்லிவிட்டாள். வேலை போயிற்று, இனி எங்கும் நர்ஸாக இருக்கக்கூடாது என்றும் ஆயிற்று. என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தையல்காரர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். நான்தான் காரில் அழைத்துப் போனேன். அந்த அம்மா கதவைத் திறக்கவே இல்லை. இவள் வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். நான் காருக்குள் இருந்தேன். இறங்கிப் போய் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். இறங்கவில்லை. உண்மை தெரிந்து என்னையும் வெறுத்துவிட்டால், அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அதைத்தான் யோசித்தேன்.

பிறகு அந்த மெஷின்களைச் செய்யும் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் எனக்கு எழுதினார். பழைய பதிப்பில் கரண்ட் போனால் பதிவு காணாமல் போகிறது, புதியதில் போவதில்லை. எந்தத் திருத்தத்தால் சரியானது என்று, நடுவில் வந்த திருத்தங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடியிருக்கிறார். கெட்டிக்காரர். தேடல் என் இடைவெளிச் சீரமைப்பில் வந்து நின்றிருக்கிறது. ஐயா, இதில் ஒரு வரி இடைவெளி மாதிரித் தெரியவில்லையே, பழைய பதிப்புக்கும் இதை எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

தேவையில்லை, அது வெறும் ஒழுங்குபடுத்தல், உங்கள் டிஸ்க்கைச் சோதித்துப் பாருங்கள் என்று பதில் எழுதினேன். பொறுப்பாளரே சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்? நன்றி சொல்லி விட்டுவிட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தால், அந்த மாதமே எல்லாக் கட்டிலுக்கும் திருத்தம் போயிருக்கும்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் விசாரிக்கிற அந்தச் சின்னப் பெண். வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, அதே மெஷின். பள்ளிக்கூடத்தில் விழுந்து கை உடைந்து வந்தவள், அவளுக்கும் ஊசி இரட்டிப்பாகி மூச்சு நின்றது என்று சொன்னீர்கள். அங்கேயும் ஒரு நர்ஸ், டிக் வந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். வந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. தையல்காரருக்கு நடந்தது என் மறதி. இந்தக் குழந்தைக்கு நடந்தது, தெரிந்தே நான் செய்தது. இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, உங்களுக்கு முக்கியமில்லாமல் இருக்கலாம். சமீபத்தில் என் தங்கை கொஞ்சம் தேறி வந்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று நிமிர்ந்து, "இல்லண்ணா, டிக் வந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். பழைய அலாரம் குரல். மறுநாள் வெளியே கிளம்பும்போது கதவைப் பூட்டி, இழுத்தும் பார்த்தாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் நின்று, பூட்டினேனா என்று கேட்டாள்.

"இல்லம்மா, தொறந்துதான் கெடந்துச்சு. நான் பூட்டிட்டேன், வா" என்றேன்.

அதற்குப் பிறகு டிக்கைப் பற்றி அவள் பேசவில்லை. அவ்வப்போது சர்க்கரை டப்பாவையும் இடம் மாற்றி வைப்பேன். அவளைக் கஷ்டப்படுத்த இல்லை. நிச்சயம் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் அவளுக்குத்தான் வேதனை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முடிந்தால் இன்று சாயங்காலம் மட்டும் என்னை வீட்டுக்கு அனுப்புங்கள். அவள் தனியாக இருக்கிறாள். பாவம், மறதி அதிகம். கதவைப் பூட்டினாளா இல்லையா என்று நான் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும்.