தாழக் கட்டிய கொடி

— இங்கிட்டு ஒரு கையெழுத்துப் போடு, அன்பு. பத்து மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்களாம்.

— வேணாங்க. திருமயம் பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்கே போயிருவோம்.

— போயி? மறுபடி தோள்பட்டை எறங்கி அடுப்படியில சுருண்டு கெடக்கவா?

— இத்தன நாள் கெடக்கலையா.

— டாக்டரு என்ன சொன்னாரு? மூட்டுக் கிண்ணத்தோட ஓரம் கிழிஞ்சிருக்கு, சின்னதாத் தொளை போட்டுத் தச்சுட்டா இனிமே நழுவாதுன்னாருல்ல? ஆறு வாரம் கைய ஒசத்தக் கூடாது, அம்புட்டுத்தான்.

— நம்ம வீட்டுல எங்க ஒசத்துறது? துணிக்கொடியையே நெஞ்சு ஒயரத்துக்குல்ல கட்டி வச்சிருக்கீங்க. தெருவே சிரிக்குது.

— சிரிச்சுட்டுப் போகட்டும். போடு புள்ள.

— இந்தக் கை நல்லாகக் கூடாதுங்க.

— என்ன பேச்சு இது?

— நம்ம ஷர்லியக் கம்மாத் தண்ணி கொண்டுபோன அன்னிக்குத்தான் மொதமொத எறங்குச்சுன்னு ஒங்ககிட்டச் சொன்னேன். டாக்டருகிட்டயும் அதத்தான் சொன்னேன். பொய்யி.

— அன்பு…

— ஒம்பதாவது படிக்கிறப்பவே எறங்கிருச்சு. கபடியில. “மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா கை வெளங்காதவன்னுருவாக, வாயத் தொறக்காத”ன்னுச்சு எங்கம்மா. நானும் தொறக்கல. எறங்குறப்பல்லாம் கதவச் சாத்திக்கிட்டு நானே ஏத்திக்குவேன்.

— அழுவாத. ஆளுக பாக்குறாங்க.

— மடைப் படியில வழுக்குனா. இந்தக் கையத்தான் நீட்டுனேன். புடிச்சுட்டேங்க. “அம்மா, விட்டுறாத”ன்னா. தோள் எறங்குன ஒடனே வெரல்ல பலமே இல்ல. எடது கைய நீட்டணும்னு எனக்குத் தெரியாதா? ஏந்தான் தோணலையோ.

— போதும்.

— ஒரு வார்த்த ஒங்ககிட்டச் சொல்லியிருந்தா, ஆறு வயசுப் புள்ளைய என்கூடத் தண்ணிக்கு அனுப்பியிருப்பீங்களா? சொல்லுங்க.

— அன்னிக்கு நீ தனியாத்தான் துணி தொவைக்கக் கெளம்புன. கிரிக்கெட் பாக்க விடமாட்டேங்குறா, இவளையும் இழுத்துட்டுப் போன்னு நான்தான் அனுப்புனேன்.

— ஒங்களுக்கென்ன தெரியும்? தெரியாமச் செஞ்சது. நான் தெரிஞ்சே மறச்சவ.

— கல்யாணமான மூணாம் மாசமே அந்தக் கொடிய நான் எதுக்கு எறக்கிக் கட்டுனேன்னு நெனைக்கிற, அன்பு?