துப்பாக்கிக்குச் சேர்ந்த குண்டு

காலுக்குச் சேராத செருப்பை யாரும் வாங்குவதில்லை. துப்பாக்கிக்குச் சேராத குண்டை மட்டும் ஏன் வாங்குகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. இன்ஸ்பெக்டர் மேடம், இதை நீங்கள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

என் பெயர் சகாதேவன். ஊர் திருப்பாலைவனம். தோணிரேவு கிராமத்துக்குப் பக்கத்தில், உப்புநீர் ஏரியை ஒட்டி எனக்கு இறால் குட்டை இருக்கிறது. அதில் வந்து இறங்கும் நீர்க்காகங்களை விரட்டத்தான் ஏர் ரைபிள் வாங்கினேன். பிறகு சென்னையில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பிலும் சேர்ந்தேன். பயிற்சி இல்லாதவன் கையில் துப்பாக்கி இருப்பது ஆபத்து என்பது என் கொள்கை.

கடைக்காரர் கொடுத்த முதல் டப்பா குண்டுகள் குழலில் தொளதொளவென்று இருந்தன. குறிபார்க்க வைத்த அட்டையில் ஒன்று மேலே பட்டது, ஒன்று கீழே பட்டது, பல படவே இல்லை. அடுத்த ரகம் இறுக்கம். கட்டைவிரலால் திணித்தால் ஈயத்தின் ஓரம் நசுங்கியது. கூர்முனைக் குண்டு பார்வைக்கு வீரமாக இருக்கும், பயிற்சிக்கு உதவாது. காவல்காரர் பெரியசாமியை விட்டு ஏரிக்குள் ஒரு கொம்பு நட்டு, அதில் அட்டை கட்டி, ஒவ்வொரு டப்பாவாகச் சுட்டுப் பார்த்தேன்.

அந்தப் பக்கம்தான் ஜமுனாவும் மற்றப் பெண்களும் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. அதன் கயிற்றைப் பல்லால் கடித்திருப்பார்கள். வாயடைத்த தொழில், தொந்தரவு இருக்காது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஜமுனா பறியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"இன்னா மொதலாளி, அட்டைக்கு வலிக்குமேன்னு பாத்துப் பாத்து சுடுறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியசாமியும் சிரித்தார். அவரை அந்த வாரமே வேலையை விட்டு நிறுத்தினேன். அது வேறு காரணத்துக்காக.

நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கோபக்காரன் என்றால் அன்றே ஏதாவது செய்திருப்பான். நான் குண்டைத்தான் மாற்றினேன். தேடி அலைந்து ஒரு தட்டைத்தலை ரகம் கிடைத்தது. என் குழலுக்கென்றே வார்த்த மாதிரி உட்கார்ந்தது. அதற்குப் பிறகு விழுந்த துளைமேலேயே அடுத்த துளையும் விழுந்தது. ஆனால் அதற்குள் பெண்கள் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். நன்றாகச் செய்வதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று நினைப்பது குற்றமாகாது.

அதனால் ஜமுனாவின் பறியைச் சுட்டேன். நட்டநடுவில் துளை. அவள் அதைத் தூக்கிக் காட்டினாள்.

"வேணாம் மொதலாளி. ஓட்ட உழுந்தா எறா போய்டும். ஒன் குட்டையாண்டயா வந்தோம்? ஏரி எல்லார்துந்தான?"

நியாயமான பேச்சு. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்திலிருந்த ருக்குவிடம் திரும்பிச் சொன்னாள்: "அட்டைய சுட்டுக்கினு இருந்தாரு, தப்பி இங்க வந்து பட்டுகிச்சி பாரு."

தப்பி, என்றாள்.

மறுநாள் காற்றே இல்லை. ஏரி கழுவிவிட்ட தரைபோலக் கிடந்தது. அவள் அலறவில்லை, கயிறு பல்லில் இருந்தது. ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாளே தவிர, பறியை விடவில்லை. தொழிலில் அந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன். ருக்குதான் கத்தினாள். ஆட்டோவுக்குப் போன் செய்தது நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வருத்தமான விஷயம்.

என் வக்கீல் உதயகுமார் கெட்டிக்காரர். குண்டு குழலுக்குச் சேரவில்லை, காற்றில் விலகிவிட்டது என்று சொன்னால் விபத்தாக முடிந்துவிடும் என்றார். எனக்கும் குடும்பம் இருக்கிறது. தலையாட்டினேன்.

இன்று காலை ஜமுனா கண்ணில் கட்டோடு இந்த ஸ்டேஷனுக்கு வந்தாள். என் எதிரிலேயே உங்களிடம் சொன்னாள்:

"வேணும்னு சுட்ருக்க மாட்டாரும்மா. அவுருக்கு சுடவே வராது. பறியிலயும் அப்டித்தான் தப்பிப் பட்டுச்சி. எங்க ஊர்ல யார வேணா கேளு."

உதயகுமாரின் முகம் மலர்ந்தது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டார். நீங்கள் அவள் சொன்னதை அப்படியே எழுதினீர்கள். சொல்லி முடித்தும் அவள் கிளம்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, மிச்சமிருக்கும் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் வாய் திறப்பேன் என்று தெரிந்தவள்போல.

உதயகுமார் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். அவள் சொன்னதை அடித்துவிட்டு நான் சொல்வதை எழுதுங்கள். குண்டு குழலுக்குக் கச்சிதமாகச் சேர்ந்தது. காற்று இல்லை. நான் குறிவைத்தது இவளுடைய இடது கண்ணுக்குத்தான், பட்டதும் அங்கேதான்.

நம்பிக்கை இல்லையென்றால் துப்பாக்கியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், மேடம். அவள் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறாள்.