பனியின் மேல் பழி போடாதீர்கள்

ஏலக்காய் வாசம் ஏறி வரும் இந்த மாலையில், இறுதியாட்ட மேடைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவி நாச்சம்மாள் அக்கா அவர்களே. ஆண்டுதோறும் பாலக்காட்டிலிருந்து மலையேறி வந்து நமக்குக் கோப்பை வழங்கும் வியாபாரி குஞ்சு முகம்மது பாய் அவர்களே. இந்த மண்ணில் பந்து பழகி, இன்று பெருநகர அணியில் பேரோடு ஆடும் தொழில்முறை வீரர் சிஜு அவர்களே. வண்டன்மேட்டிலிருந்தும் பீர்மேட்டிலிருந்தும் ஜீப் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே. காய் பறித்த கையோடு நேரே மைதானத்துக்கு வந்து நிற்கும் தாய்மார்களே. பந்துக்காகக் காத்துக் காத்துக் கால் மரத்துப் போன இரு அணி வீராங்கனைகளே. மேடையின் நடுவில், பூமாலை போட்ட மேசைக்குப் பின்னால், ஆளில்லாமல் அமர்ந்திருக்கும் நாற்காலியே. நீர்க்கல்மேடு இளைஞர் கழகத்தின் போட்டிக்குழு கன்வீனர் சிவப்பிரகாஷ் ஆகிய நான் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் பேச்சாளன் அல்ல. சிறப்பு விருந்தினரான நம் மக்கள் பிரதிநிதி இன்னும் வந்து சேரவில்லை. "வண்டி ஏறிட்டாராம் சிவா, வர்ற வரைக்கும் எதையாச்சும் பேசிட்டிரு" என்று அக்கா மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். எதையாவது பேச எனக்கு வராது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் சூடு காட்டும் கருவிகளைச் சரிபார்ப்பவன் நான். கருவி தப்பாகக் காட்டினால் காய் கருகும். கருகினால் முதலாளி என்னைத்தான் கூப்பிடுவார். அடுப்பைக் கூப்பிட மாட்டார். எனக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

என்ன அண்ணே, பின்வரிசையில்? "பேச்சு போதும், ஆட்டத்த விடுப்பா, வீட்டுக்குப் போணும்" என்கிறீர்களா? எனக்கும் அதே ஆசைதான். ஆனால் நம் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டே. விருந்தினர் வந்து வேட்டியை மடித்துக் கட்டி முதல் உதை உதைத்தால்தான் விசில் ஊதும். கால்பந்து காத்திருக்கலாம், கால்கள் காத்திருக்கலாம், கூட்டம் காத்திருக்கலாம். ஆனால் அதோ, கிழக்கு முகட்டைப் பாருங்கள். அது காத்திருக்குமா?

வருகிறது பாருங்கள். கறந்த பாலைக் கவிழ்த்ததுபோல் முகட்டின் விளிம்பில் வழிகிறது. முதலில் சில்வர் ஓக் மரங்களின் முடியை மட்டும் மிதக்க விடும். பிறகு மரமும் இல்லை, மலையும் இல்லை, மலையடியில் தொழிலாளர்களின் லயத்து வீடுகளும் இல்லை. உலகத்தை யாரோ துணியால் மூடி உறங்க வைப்பதுபோல் இருக்கும். அந்த வெண்மைக்குள் நின்றவர்களுக்குத் தெரியும்: தன் கை தனக்கே கனவில் கண்ட கைபோல் தோன்றும், பக்கத்தில் நிற்பவன் பழைய நினைவுபோல் மங்குவான். மிச்சம் இருப்பது குரல் மட்டும்.

அதனால்தானே இந்த மலையில் பந்தாட்டத்துக்கென்று ஒரு முறை வைத்தோம்? பனி இறங்கினால் கோல்கீப்பர் ஓயாமல் குரல் கொடுக்க வேண்டும்: "கோலி! கோலி!" பந்தோடு வருகிறவன் பதில் குரல் கொடுக்க வேண்டும்: "வர்றேன்!" எந்த விதிப்புத்தகத்திலும் இது இல்லை. பாட்டன் காலத்துச் சட்டமும் இல்லை. முட்டி மோதி எலும்பு உடையாமல் வீடு திரும்ப நாமே வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஒருவன் கூப்பிடுவான், ஒருவன் பதில் சொல்வான். அந்த இரண்டு குரல்களுக்கு நடுவில்தான் நம் பிள்ளைகளின் முழங்கால்கள் பத்திரமாக இருந்தன.

ஒரு வருடம் அது முறிந்தது. உங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தும் யாரும் மேடையில் சொன்னதில்லை.

அன்றும் இறுதியாட்டம். அன்றும் இதே நாற்காலி, இதே காத்திருப்பு. வெயில் இருந்தவரை விருந்தினர் வரவில்லை. வெண்மை வந்த பிறகு வந்தார். "இந்த மஞ்சு மூட்டத்துல வேணாம் சார், நாளைக்கு வச்சுக்கலாம்" என்று நடுவர் சொன்னார். "நாளைக்கு எனக்கு வேற ஊர்ல கூட்டம், பரிபாடி எல்லாம் இருக்குப்பா, நீ விசில ஊது" என்றார் நம் பிரதிநிதி. உதைத்தார். படம் எடுத்தார்கள். போய்விட்டார். போனது அவர் மட்டுமா? அடிபட்டவனை ஏற்றிக்கொண்டு போகக்கூடிய ஒரே காரும் அவரோடு போய்விட்டது.

கோல்கம்பத்தில் நின்றவர் வினோ. ஆட்டம் முடியும் நேரம். எதிரில் இரண்டு பேர் பந்தோடு வந்தார்கள். ஒருவர், இதோ மேடையில் அமர்ந்திருக்கும் சிஜு. இன்னொருவர் பக்கத்தில் தனியாக ஓடினார், சிஜு அவருக்குத் தட்டிவிட்டிருந்தால் கோல். தட்டவில்லை. "கோலி! கோலி!" என்று வினோ கத்தியது தேயிலைக்காடு வரை கேட்டது. பதில் வரவில்லை. பிறகு ஒரு சத்தம். அது பந்தின் சத்தமல்ல.

கோல் விழுந்தது. பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு வீரன் பாய்ந்து வரும் அந்தக் காட்சியை யாரோ செல்போனில் எடுத்தார்கள். நாடே பார்த்தது. பெருநகர அணியும் பார்த்தது. அழகான காட்சிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பரப்பியவர்கள் அதிலிருந்த சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டுச் சேர்த்துவிட்டார்கள். வினோவின் குரல் பாட்டுக்கு அடியில் புதைந்தது. போலீஸ் அணித் தேர்வுக்குப் போக இருந்த மனிதர், இன்று ஸ்டோரில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறார்.

யார் காரணம் என்று கேட்டோம். சிஜு சொன்னார்: "பனியில தெரியல." பிரதிநிதி சொன்னார்: "இயற்கையை எதிர்த்து யார் என்ன பண்ண முடியும்?" எங்கள் கமிட்டி சொன்னது: "வழக்கம் அப்படி." ஆக, குற்றவாளி பனி. பிடித்து வாருங்கள் பார்ப்போம். பனிக்கு விலாசம் உண்டா? வாக்கு உண்டா? வாய் உண்டா, இல்லை என்று மறுக்க? வசதியான குற்றவாளி, வருடா வருடம் வந்து பழியை வாங்கிக்கொண்டு வெயில் வந்ததும் கரைந்துபோகும் குற்றவாளி.

பாய், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "தம்பி, வந்த விருந்தாளிய வச்சுக்கிட்டு இப்படிப் பேசலாமா" என்கிறீர்கள். வேறு எங்கே வைத்துப் பேசுவது பாய்? சிஜு இப்போது இந்த மலைக்கு வருவதே மாலை வாங்கத்தானே.

சிஜு அண்ணே, நான் உங்கள் ஆட்டத்தின் ரசிகன். ஒரே கேள்வி. பனியில் கண் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். காது?

தலையைக் குனியாதீர்கள். என்ன சொன்னீர்கள்? மைக்கில் சொல்லுங்கள், கூட்டத்துக்குக் கேட்கட்டும்.

"கேட்டுச்சு" என்கிறார்.

அமைதி, அமைதி. கல்லெறிய நாம் கூடவில்லை. அவர் முடிக்கட்டும். "கேட்டுச்சு. பதில் குடுத்தா நான் எந்தப் பக்கம் வர்றேன்னு வினோவுக்குத் தெரிஞ்சுரும். அதான் குடுக்கல."

கேட்டீர்களா? ஒரு சொல்லை விழுங்கினார், ஒரு வாழ்க்கை விழுந்தது. இதைத்தானே அந்த நாற்காலிக்காரரும் செய்கிறார்? நாம் கூப்பிடுகிறோம், கூப்பிடுகிறோம். பதில் சொன்னால் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். அதனால் பேசாமல் ஓடுகிறார். பந்தைக் காலில் வைத்திருப்பவனுக்கும் பதவியைக் கையில் வைத்திருப்பவனுக்கும் நோய் ஒன்றுதான்.

இப்போது பாருங்கள். நான் பேசிக்கொண்டிருந்ததில் கிழக்கு கோல்கம்பம் மறைந்துவிட்டது. அங்கே கையுறை மாட்டி நிற்பவள் வினோவின் தங்கை பிரதீபா. கம்பத்துக்குப் பின்னால் கல்லில் உட்கார்ந்திருப்பவர் வினோ. இரண்டு பேரும் தெரியவில்லை. வினோ அண்ணே, கேட்கிறதா? பழையபடி ஒரு குரல் கொடுங்கள்.

கேட்கிறதா தாய்மார்களே? வெண்மைக்குள்ளிருந்து வருகிறது. "கோலி... கோலி..."

சிஜு எழுந்துவிட்டார். மைக் வேண்டாம் என்கிறார். மேடை ஓரத்துக்குப் போய்விட்டார்.

"வர்றேன், வினோ."

இறங்கிவிட்டார். வழி விடுங்கள், படம் எடுக்காதீர்கள். செல்போன்களை உள்ளே வையுங்கள். இது உங்களுக்கான காட்சி அல்ல. பனிக்குள் போகிறார். முதுகு தெரிகிறது, தோள் தெரிகிறது. இனி தெரியவில்லை. என்ன பேசிக்கொள்வார்களோ, அது அவர்கள் பாடு. மன்னிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கீழே வளைவில் ஹாரன் கேட்கிறது. விருந்தினர் வருகிறார். வரட்டும். நாற்காலி இருக்கிறது, தேநீர் இருக்கிறது, மாலையும் இருக்கிறது. ஆட்டம் இல்லை. இந்தப் பனியில் பிரதீபாவை நான் ஆட விடமாட்டேன். நாளைக் காலை வெயில் வந்ததும் ஆட்டம். முதல் உதை விருந்தினருக்கு அல்ல, ஆடுகிறவர்களுக்கு. நடுவர் அவர்களே, விசிலைச் சட்டைப்பையில் வையுங்கள்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், குளிரில் நின்ற தாய்மார்களுக்கும், என் கையை விட்டுவிட்ட பாய்க்கும் நன்றி. விருந்தினர் வந்ததும் ஆட்டத்தை நிறுத்தியது யார் என்று கேட்பார். பனி என்று சொல்லாதீர்கள். சிவப்பிரகாஷ் என்று சொல்லுங்கள். இங்கேயேதான் நிற்கிறேன். வணக்கம்.