இடம் மாறின கொம்பு

இருங்க தம்பி, பைய இப்பப் பிரிக்காண்டாம். உள்ள இருக்க ஸ்வெட்டர் எப்படின்னு நானே சொல்லுதேன், சரியான்னு மட்டும் சொல்லுங்க. கீழ பச்சை. நடுவுல வெள்ளையில கோணல்மாணலா ஒரு கோடு. மேல கறுப்பு. ஆமாவா? பாத்தியளா!

பம்பாய் வேக்காட்டுல எவன் கம்பளி போடுவான்னு கேக்கியளா? என் மவன் வேல்ராஜ் வடாலாவுல மீன் வைக்கிற ஐஸ் கிடங்குல வேலை பாக்கான். அவன் அம்மா குடுத்துவிட்ட ரசம் ஒருநாள் உறைஞ்சு போச்சு. நாலா மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக் கொண்டாந்துட்டான். சத்தியமா! சிரிங்க, பரவாயில்ல.

பார்வதி, என் வீட்டுக்காரி, அவளே யோசிச்சுப் பின்னினது தம்பி. பச்சை, அம்பாசமுத்திரத்து வயலாம். கோணல் கோடு, எங்கப்பன் இங்க வந்த ரயிலு மலையேறுதாம். கறுப்பு, தாராவி நாலா, எங்க வீட்டோரம் ஓடுத சாக்கடை. குடும்பம் வந்த வழியத் தூக்கி மவன் நெஞ்சுல மாட்டிட்டா. நான் எங்க சால்ல, வரிசை வீட்டுக்காரங்ககிட்ட, வேற கதை சொல்லி வச்சிருக்கேன். குத்தால அருவி ஒரு தடவ ஐஸா நின்னுட்டுது, எங்க பாட்டன் அதுல சறுக்கி இறங்குன தடம்தான் அந்தக் கோடுன்னு. நம்பிட்டானுவ!

மவன்கூட வேலை பாக்க வேலுச்சாமி, எனக்கும் வேணும் அத்தேன்னு பார்வதிட்ட கேட்டான். அவனுக்கும் அதே மாதிரி பின்னினா. நேத்து கேஸ் லீக்கானப்ப ரெண்டு பேரும் உள்ளதான் நின்னிருக்கானுவ. ரெண்டும் ஒரே உசரம், ஒரே நிறம். ஒருத்தன் ஐசியூல, மூஞ்சி முழுக்கக் கட்டு, கிட்ட விடமாட்டேங்காங்க, அவன் ஸ்வெட்டர வெட்டி எறிஞ்சாச்சாம். இன்னொருத்தன்... இந்தப் பைக்காரன், உங்க பிணவறையில. மூஞ்சியப் பாத்துச் சொல்ல ஏலாதுன்னுட்டிய.

ரெண்டுலயும் நெஞ்சுல ஒரு வே உண்டு, ரெண்டு பேர் பேருக்கும் அதான முதலெழுத்து. எங்க அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஆளக் கூப்பிடுறதே ஏ வேன்னு தானே? இத மாட்டிக்கிட்டுப் போனா எங்க தெருவே திரும்பிப் பாக்கும்லேன்னு கேலி பண்ணுவேன். பார்வதி இந்தி ஸ்கூல்ல படிச்சவ. வேல்ராஜுக்குப் பின்னும்போது வ எழுத்த முதல்ல போட்டு, கொம்ப வலது பக்கம் கொண்டு ஒட்டிட்டா. வாயி வ-ன்னு தானே தொடங்குது, கொம்பு எதுக்கு முந்திக்கிட்டு நிக்கணும்னு சண்டை! பிரிச்சுப் பின்னுன்னேன். மவன் விடல. அம்மா போட்டது அப்படியே கிடக்கட்டும், ஒரு பயலும் களவாங்க மாட்டான்னான். வேலுச்சாமியோடதுக்கு நான் தரையில சாக்பீஸால எழுதிக் காட்டினேன். அதுல கொம்பு இடது பக்கம், சரியா நிக்கும்.

இந்தப் பையில இருக்கதுலயும் கொம்பு இடது பக்கம்தான் இருக்கணும் தம்பி. வேலுச்சாமியும் ஒரு தாய் பெத்த புள்ளதான். எனக்குத் தெரியாதா? ஆனாலும் அப்படித்தான் வேண்டிக்கிட்டு நிக்கேன்.

நீங்க செம்பூர்ல பொறந்தவரு, தமிழ் பேசத்தான் வரும், எழுத்து தெரியாதுன்னிய. அதான் ஸ்வெட்டர்ல இருந்தத உள்ளங்கையில பேனாவால வரைஞ்சு வச்சிருக்கிய, என்னட்ட என்ன எழுத்துன்னு கேக்க. வந்ததும் தண்ணி நீட்டினியள்லா? அப்பவே பாத்துட்டேன்.

கொம்பு வலது பக்கம் நிக்கி.

எழுத்து தெரியாதவரு, பக்கத்த மாத்தி வரைஞ்சிருப்பிய. அப்படித்தான தம்பி? மாத்திட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லிட்டு, அப்புறமா பையப் பிரிங்க.