மாத்திப் போட்ட பொத்தான்

அம்மா: கையை எடுங்க.

அப்பா: நான் எங்க தொட்டேன்?

அம்மா: தொடப் போனீங்க, பார்த்தேன். கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க.

அப்பா: பாப்பா ஊத்தற தண்ணி சிந்துதுடி...

அம்மா: சிந்தட்டும். பக்கத்துலயே துணி இருக்கு, அவளே துடைப்பா.

அப்பா: அதுவும் கண்ணாடி ஜக்கு! பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்கக் கூடாதா?

அம்மா: மாண்டிசோரி டீச்சர் என்ன சொன்னாங்க? உடையற சாமானைக் கொடுத்தாத்தான் பிள்ளை பத்திரமா பிடிக்கும்னாங்க. லீவு முழுக்க வீட்டு வேலையைப் பழக்குங்க, அவளா கேக்கற வரைக்கும் கிட்டயே போகாதீங்கன்னாங்க. மண்டையில ஏறலையா?

அப்பா: ஏறுச்சு. கைக்குத்தான் இறங்க மாட்டேங்குது.

அம்மா: ஐயோ, சிரிக்க வைக்காதீங்க... வயிறு இழுக்குது.

அப்பா: ஏய், வலியா?

அம்மா: இல்லங்க. உள்ள இருக்கறவரு உதைக்கிறாரு. இன்னும் நாள் இருக்கு.

மகள்: அப்பா, பேசாதீங்க! நான் ஊத்திக்கிட்டு இருக்கேன்ல?

அப்பா: சரிங்கம்மா... தப்புதான்.

அம்மா: மெதுவாப் பேசுங்க... எனக்குப் பயமா இருக்குங்க.

அப்பா: பிரசவத்துக்கா?

அம்மா: அதுக்கில்ல. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா இவ என்ன பண்ணுவா? ராத்திரி ஷிஃப்டுக்கு நீங்க பிரஸ்ஸுக்குப் போயிடுவீங்க. தங்கச்சி வந்து துணைக்குப் படுத்துப்பா, சரி. காலையில சட்டை மாட்ட, தலை சீவ அம்மாதான் வேணும்னு அழுவாளே! அதுக்குள்ள பழகிக்கணும்னுதானே இவ்வளவு பாடு?

அப்பா: இப்பதான் தினமும் காலையில ஜம்முனு ரெடியாகி உட்கார்ந்திருக்காளே.

அம்மா: ஆமா, ரெடியாகி! அது யாரு பண்ற வேலைன்னு எனக்குத் தெரியாதா?

அப்பா: அடேயப்பா... யாரு பண்ற வேலையாம்?

அம்மா: நடிக்காதீங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் வராததுமா சட்டையை மாட்டி, தலையை வாரி, வாழைப்பழத்தை நறுக்கித் தட்டுல வெச்சிடறீங்க. நான் எழுந்து வந்தா மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கா.

அப்பா: நானா!

அம்மா: நேத்து பொத்தானை மாத்திப் போட்டு விட்டிருந்தீங்க. சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி... உங்க கைவேலைன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

அப்பா: இரு, இரு... அது நீ போட்டதுன்னுல்ல நெனச்சேன்! தூக்கக் கலக்கத்துல போட்டிருக்கே, பாவம்னு விட்டுட்டேன்.

அம்மா: நான் எங்க போட்டேன்? டாக்டர் படுத்தே இருன்னு சொல்லியிருக்காரு. நீங்க வந்த சத்தம் கேட்டப்புறம்தானே கட்டிலை விட்டே இறங்கறேன்!

அப்பா: நான் வரும்போதே அவ சீவி முடிச்சு, பழம் தின்னுக்கிட்டு இருக்காளே!

அம்மா: விளையாடாதீங்க.

அப்பா: சத்தியமா. ஒரு பொத்தானைக்கூடத் தொட்டதில்ல.

அம்மா: யாரும்மா போட்டு விட்டாங்கன்னு அவகிட்ட கேட்டேன். ரகசியம்னு சொன்னா. நீங்கதான் அப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்தீங்கன்னு நெனச்சேன்...

அப்பா: என்கிட்டயும் அதேதான் சொன்னா!

அம்மா: அப்ப...

அப்பா: அப்ப... அவளேதான்!

அம்மா: என் தங்கமே...

அப்பா: ஏன்டி அழற?

அம்மா: அழலை... அப்பாடான்னு இருக்குங்க. நெஞ்சுல இருந்த கல்லு இறங்கின மாதிரி இருக்கு.

அப்பா: அது சரி. நான் ஏமாத்தறேன்னு நெனச்சியே, ஏன் சண்டைக்கு வரலை? ஒரு ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டா வீட்டையே ரெண்டாக்குவே.

அம்மா: சிரிக்கக் கூடாது.

அப்பா: சிரிக்கலை.

அம்மா: வெளியில உங்களை மிரட்டிக்கிட்டு இருந்தேனே தவிர... உள்ளுக்குள்ள, இந்த மனுஷன் என் பேச்சைக் கேட்கவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருந்தேன். பிள்ளை அழாம இருந்தாப் போதும்னு.

அப்பா: அடிப்பாவி!

அம்மா: நீங்க மட்டும் யோக்கியமா? நான்தான் செய்யறேன்னு நெனச்சீங்கல்ல, நீங்க ஏன் கேக்கலை?

அப்பா: கேட்டா நிறுத்திடுவே. நிறுத்திட்டா சீப்பு என் கைக்கு வந்துடும்... எனக்குத் தலை வாரவே தெரியாதுடி. நீ ஆஸ்பத்திரிக்குப் போறதை நெனச்சு உன்னைவிட நான்தான் பயந்து செத்துக்கிட்டு இருந்தேன்.