ஒரே லேப்டாப்பில் இரண்டு கீபோர்டு

வயர்லெஸ் கீபோர்டை மாட்டினால் சில லேப்டாப்களில் உள்ளேயே இருக்கும் கீபோர்டு கிறுக்குப் பிடித்ததுபோல் நடந்துகொள்ளும். ஒரு எழுத்தைத் தட்டினால் நான்கு விழும், அல்லது ஒன்றுமே விழாது. கீபோர்டுகளை இயக்கும் மென்பொருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதை டிரைவர் மோதல் என்று சொல்வோம். அதியமான்கோட்டையில் என் சர்வீஸ் கடைக்கு இந்தப் புகாரோடு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஒன்றின் டிரைவரை நீக்கினால் மற்றது ஒழுங்காக வேலை செய்யும்.

என் மனைவி சுசித்ராவின் லேப்டாப்புக்கு முதலில் வந்ததும் உண்மையான கோளாறுதான். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், இன்ஸ்பெக்டர்.

அவள் வீட்டிலிருந்தபடி பெங்களூரு கம்பெனி ஒன்றுக்குத் தமிழ்ப் பிழை திருத்தினாள். வேலை முடிந்தாலும் திருத்துவது நிற்காது. கடைக்கு வந்தவர்கள் முன்னால் நான் வாய் திறந்தால், "வூடு இல்லைங்க, வீடு" என்பாள். மெதுவாக, மரியாதையாக. அந்த 'ங்க'வைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். நான் நாள்கணக்கில் பேசாமல் இருந்தேன். அது கோபம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. எங்க வீட்டுக்காரர் அமைதியானவர் என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கம்பெனி அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்து பெங்களூருக்கே வரச் சொன்னது. என்னையும் கூப்பிட்டாள். அங்கேயும் கடை வைக்கலாமாம்.

அப்போதுதான் அவளுடைய வயர்லெஸ் கீபோர்டு நினைவுக்கு வந்தது. மோதலைச் சரிசெய்தபோது அதை நான்தான் கழற்றி வைத்திருந்தேன். அதன் ரிசீவர் சுண்டுவிரல் நகமளவுதான். லேப்டாப்பின் பின்பக்கம் அதைச் செருகிவிட்டு, பக்கத்து அறையில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் திருத்திய வரிகளுக்கு நடுவே எழுத்துகளைத் தூவினேன். சிலவற்றை அழித்தேன்.

கம்பெனியில் கேள்வி கேட்டார்கள். பழையபடி டிரைவர் பிரச்சினையா என்று லேப்டாப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். இதில் ஒரு குறையும் இல்லை, உன் கைதான் என்றேன். என் அம்மா ராமக்காள், காத்துக்கருப்பு பட்டிருக்கிறது என்று வேப்பிலை அடிக்க ஆளைக் கூட்டிவந்தாள். சுசித்ரா தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் அவள் யாரையும் திருத்தவில்லை. எங்கள் வீட்டில் நல்ல நாட்கள் அவைதான்.

இருந்தும் பெங்களூருக்கு டிக்கெட் போட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் வேலை செய்துகொண்டிருந்தபோது, பக்கத்து அறையிலிருந்தே அவள் திரையில் 'வூட்டுலயே இரு' என்று அடித்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் லேப்டாப்பைத் திருப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு எழுந்து வந்தாள். பிடுங்கிய ரிசீவரை, என் மடியிலிருந்த கீபோர்டின் மேல் வைத்தாள்.

"காத்துக்குக்கூட நம்ம வூட்டுப் பேச்சுதான் வருதுங்களா?"

சிரித்தாள். திருத்துவதற்காக இல்லாமல் அவள் வாயிலிருந்து 'வூடு' என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"இதையும் நீங்களே வெச்சுக்கங்க. நான் நாளைக்குக் கெளம்பறேன்."

சாயங்காலம் மோட்டாரை நிறுத்தக் கிணற்றுக்குப் போனாள். நானும் போனேன். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். தள்ளினேன். உள்ளேயிருந்தும் 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டாள். அந்தக் குரல் நின்ற பிறகு மோட்டாரை நிறுத்தினேன்.

அவள் லேப்டாப் மேஜைமேல் திறந்தபடியே இருந்தது. அதன் பட்டன்களில் நான் விரல் வைக்கவில்லை. அவற்றில் அவள் ரேகை மட்டும்தான் இருக்க வேண்டும். ரிசீவரைத் திரும்பச் செருகி, வயர்லெஸ் கீபோர்டில் அடித்தேன்: 'இந்த வூட்டில் வாழப் பிடிக்கவில்லை. என் சாவுக்கு யாரும் காரணமில்லை.'

நீங்கள் திரையைப் படித்துவிட்டு, உங்கள் மனைவி என்ன வேலை பார்த்தார் என்று மட்டும்தான் கேட்டீர்கள். தமிழில் பிழை திருத்தும் வேலை என்று சொல்லும்போதே நான் 'வூட்டில்' என்று அடித்தது எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

அவள் உயிரோடு இருந்திருந்தால் அந்த எழுத்தைத் திருத்தியிருப்பாள். நானும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். எனக்கு எப்போதுமே கோபம் வராது, இன்ஸ்பெக்டர்.